ஏவல் வினாக்களின் வகுப்பறை

வினா ஆறு வகைப்படும் என்று பள்ளியில் ஒப்பித்தது பலருக்கும் நினைவிருக்கும். அறிவினா, அறியாவினா, ஐயவினா, கொளல்வினா, கொடைவினா, ஏவல்வினா. நன்னூலில் பவணந்தி முனிவர் செய்த பகுப்பு இது. விடை தெரிந்தவர், அது எதிரே இருப்பவருக்குத் தெரியுமா என்று அறியக் கேட்பது அறிவினா. பள்ளி இலக்கண நூல்கள் இதற்கு வழக்கமாகக் காட்டும் எடுத்துக்காட்டு, ஆசிரியர் மாணவனிடம் கேட்பது. தனக்குத் தெரியாததைத் தெரிந்துகொள்ளக் கேட்பது அறியாவினா. அதன் எடுத்துக்காட்டில் இடம் மாறிவிடும். மாணவன் ஆசிரியரிடம் கேட்பான். இலக்கணம் வழக்கைப் பார்த்து எழுதப்படுவது. அதில் பவணந்தியைக் குறைசொல்ல ஒன்றுமில்லை. ஆனால் நம் கணித வகுப்பறைகள் இந்த இரண்டு எடுத்துக்காட்டுகளையும் சட்டமாகவே எடுத்துக்கொண்டுவிட்டன. ஆசிரியர் தமக்குத் தெரிந்ததை மட்டுமே கேட்பார். தெரியாததைக் கேட்கவேண்டிய மாணவனோ வாய் திறப்பதில்லை.

உண்மையில் நிலைமை இதைவிடவும் கீழே இருக்கிறது. ஒரு சராசரிக் கணித வகுப்பின் வெளியே பத்து நிமிடம் நின்று கேட்டுப் பாருங்கள். "நீளத்தை அகலத்தால் பெருக்கினால் கிடைப்பது செவ்வகத்தின் பரப்ப...?" என்று ஆசிரியர் இழுப்பார். "...ளவு!" என்று நாற்பது குரல்கள் முடித்துவைக்கும். "எட்டு மூணு?" "இருபத்துநாலு!" "அப்ப இங்க என்ன போடணும்?" "இருபத்துநாலு!" "புரிஞ்சுதா?" "புரிஞ்சுது சார்!" பத்து நிமிடத்துக்குள் இருபது முப்பது வினாக்கள் கேட்கப்பட்டிருக்கும். வகுப்பு உயிர்ப்போடு இருப்பதாகத் தோன்றும். ஆய்வுக்கு வந்த அதிகாரியும் மாணவர் பங்கேற்பு நன்று என்று எழுதிவிட்டுப் போவார். இவற்றில் ஒன்றுகூட வினா அல்ல என்பதே என் கட்சி. இவற்றை அறிவினா என்றுகூடச் சொல்ல முடியாது. எவன் அறிந்து சொல்கிறான், எவன் பக்கத்திலிருப்பவனின் வாயைப் பார்த்து உதடசைக்கிறான் என்று இவற்றால் ஆசிரியருக்குத் தெரியப்போவதில்லை. இவை ஏவல்வினாக்கள். வீட்டுப்பாடம் எழுதினாயா என்று அம்மா கேட்டால், போய் எழுது என்று பொருள். புரிந்ததா என்று கணித ஆசிரியர் கேட்டால், ஆமென்று சொல் என்று பொருள்.

ஆனால் ஆசிரியர் மெய்யாகவே அறியாத ஒன்று எல்லா வகுப்பிலும் உண்டு. எட்டையும் மூன்றையும் பெருக்கினால் என்ன வரும் என்பது அவருக்குத் தெரியும். எதிரே அமர்ந்திருக்கும் பிள்ளை அதை எப்படி நினைத்தது என்பது தெரியாது. கேட்டாலொழியத் தெரியவும் வராது. ஆகவே 'நீ எப்படி நினைத்தாய்?' என்பது, முப்பதாண்டு அனுபவம் உள்ளவர் ஐந்தாம் வகுப்புப் பிள்ளையிடம் கேட்டாலும், கலப்பற்ற அறியாவினா. சிந்தனையைத் தூண்டும் வினாக்கள் என்று பயிற்சி முகாம்களில் நீளமான பட்டியல்கள் தருகிறார்கள். எப்படித் தெரியும்? எப்போதும் அப்படித்தானா? வேறு வழி உண்டா? இது பொய்யாகும் இடம் ஏதேனும் உண்டா? எல்லாமே நல்ல வினாக்கள்தான். கேட்பவருக்குப் பதிலின்மேல் உண்மையான ஆவல் இருந்தால் மட்டும். அது இல்லாதபோது 'ஏன்?' என்ற சொல்லும் ஏவலாகிவிடுகிறது. பிள்ளைகள் காரணத்தையும் கோரஸாகப் பாடக் கற்றுக்கொள்கிறார்கள்.

ஓர் எடுத்துக்காட்டைச் சற்று விரிவாகப் பார்க்கலாம். அரையோடு மூன்றில் ஒன்றைக் கூட்டச் சொன்னால், ½ + ⅓ = ⅖ என்று எழுதும் பிள்ளைகளைப் பார்க்காத கணித ஆசிரியர் இருக்க முடியாது. மேலே உள்ளவற்றை மேலேயும் கீழே உள்ளவற்றைக் கீழேயும் கூட்டிவிட்டது பிள்ளை. வழக்கமான சிகிச்சை என்ன? சிவப்பு மையில் ஒரு பெருக்கல் குறி, 'மீ.சி.ம. எடுக்கணும்னு எத்தனை தடவை சொல்றது' என்று ஒரு வசை, அதே முறையில் இன்னும் பத்துக் கணக்குகள். பத்தும் சரியாக வந்துவிடும். மறுமாதம் ⅖ திரும்பி வந்து உட்கார்ந்திருக்கும்.

இதற்குப் பதிலாக ஒரே ஒரு வினா: பாதியோடு இன்னும் கொஞ்சம் சேர்த்தாயே, உனக்கு வந்த விடை பாதியைவிடப் பெரிதா, சிறிதா? ஐந்தில் இரண்டு பாதியைவிடச் சிறியது என்பதை அந்தப் பிள்ளையே கண்டுகொள்ளும். சேர்த்தபிறகு எப்படிக் குறையும்? இங்கே தவறைச் சுட்டியது ஆசிரியரின் சிவப்புப் பேனா அல்ல, பிள்ளையின் சொந்த அறிவு. அடுத்து, எப்படி நினைத்தாய் என்று கேட்டுவிட்டு ஆசிரியர் வாயை மூடிக்கொண்டு நின்றால் இப்படி ஒரு பதில் வரக்கூடும்: "முதல்ல ரெண்டு பந்து போட்டு ஒரு விக்கெட் எடுத்தேன். அப்புறம் மூணு பந்து போட்டு ஒரு விக்கெட் எடுத்தேன். மொத்தம் அஞ்சு பந்துக்கு ரெண்டு விக்கெட்தானே சார்?" இதில் பிழையே இல்லை. பந்து வீச்சைக் கணக்கிட இதுவே சரியான முறை. அரை தோசையும் மூன்றில் ஒரு பங்கு தோசையும் சேர்ந்தால் எவ்வளவு என்பதற்கு மட்டும் இது பொருந்தாது. அங்கே இரண்டு பங்குகளும் ஒரே அளவுள்ள முழுமையிலிருந்து வருகின்றன, இங்கே அப்படி இல்லை. பின்னம் என்பது ஒரு முழுமையின் பங்கா, இரண்டு எண்ணிக்கைகளுக்கு இடையிலான விகிதமா என்ற சிக்கலின் மையத்தில் அந்தப் பிள்ளை தானாகவே வந்து நிற்கிறது. ஆண்டின் மிகச்சிறந்த கணித வகுப்பு அங்கே தொடங்கியிருக்கவேண்டும். ஆசிரியர் கேட்கவில்லை, ஆகவே தொடங்கவில்லை. பிள்ளை மக்கு என்ற முடிவோடு மணி அடித்துவிட்டது.

இப்படிக் கேட்கப்படாமலே வளர்ந்த பிள்ளைகள் என்ன ஆகிறார்கள் என்பதற்குப் பிரான்சில் நடந்த ஒரு சோதனை இருக்கிறது. இலக்கிய வாசகர்களுக்கு அதன் முன்கதையும் பிடிக்கும். 'மதாம் பொவாரி' எழுதிய ஃப்ளோபேர், 1841-ல் தன் தங்கைக்கு எழுதிய கடிதம் ஒன்றில் ஒரு கேலிக்கணக்குப் போட்டார். ஒரு கப்பலைப் பற்றி என்னென்னவோ விவரங்களை அடுக்கிவிட்டு, கடைசியில் கப்பல் தலைவனின் வயது என்ன என்று கேட்டார். 1979-ல் கிரனோபிள் நகரில் ஆய்வாளர்கள் அந்த வேடிக்கையைச் சிறுவர்களிடம் மெய்யான கணக்காகவே கொடுத்துப் பார்த்தார்கள். ஒரு கப்பலில் 26 செம்மறியாடுகளும் 10 வெள்ளாடுகளும் இருக்கின்றன. தலைவனின் வயது என்ன? 97 பிள்ளைகளில் 76 பேர் அந்த எண்களை வைத்து ஏதோ ஒரு வயதைக் கண்டுபிடித்துக் கொடுத்தார்கள். அவர்களை முட்டாள்கள் என்று சிரிக்கவேண்டாம். கணக்கு வகுப்பில் எண்கள் கொடுக்கப்பட்டால் எதையாவது செய்து ஒரு விடை தரவேண்டும், கணக்குக்குப் பொருள் உண்டா என்று கேட்கக்கூடாது என்ற எழுதப்படாத ஒப்பந்தத்தை அவர்கள் மிகச்சரியாகப் புரிந்துகொண்டிருந்தார்கள். வகுப்பறை கற்பித்ததை ஒழுங்காகக் கற்ற பிள்ளைகள் அவர்கள்.

அறியாவினா கேட்பதென்றால் பதிலுக்குக் காத்திருக்கவும் வேண்டும். அமெரிக்க வகுப்பறைகளை ஒலிப்பதிவு செய்து ஆராய்ந்த மேரி பட் ரோ, வினாவைக் கேட்டபின் ஆசிரியர்கள் சராசரியாக ஒரு நொடிதான் காத்திருக்கிறார்கள் என்று 1970-களில் கண்டார். அதை மூன்று நொடிக்கு மேல் நீட்டச் செய்தபோது பதில்கள் நீண்டன, 'தெரியாது' குறைந்தது, பேசாத பிள்ளைகளும் பேசினார்கள். நம் வகுப்புகளில் அந்த ஒரு நொடிகூட இல்லை. 'பரப்ப' என்பதற்கும் 'ளவு' என்பதற்கும் இடையே மூச்சுவிடக்கூட இடம் கிடையாது.

ஆனால் டிசம்பர் 22 வந்தால் ராமானுஜனின் படத்துக்கு மாலை போடத் தவறமாட்டோம். அந்த மனிதர் 1911-ல் இந்தியக் கணிதவியல் கழகத்தின் இதழில், வாசகர்கள் தீர்ப்பதற்காக ஒரு வினாவை வெளியிட்டார். √(1 + 2√(1 + 3√(1 + 4√(1 + …)))) என்று முடிவில்லாமல் உள்ளே உள்ளே போகும் வர்க்கமூலத்தின் மதிப்பு என்ன? அரையாண்டு காத்திருந்தும் யாரும் விடை அனுப்பவில்லை. பிறகு அவரே சொன்னார்: 3. விடை தெரிந்து கேட்டதுதான், ஆகவே அறிவினாதான். ஆனால் அறிவினாவையும் எப்படிக் கேட்கவேண்டும், கேட்டுவிட்டு எவ்வளவு நேரம் பொறுக்கவேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல பாடம் கிடையாது. இதன் நுழைவாயில் எட்டாம் வகுப்புக்கு எட்டாத உயரத்தில் இல்லை. அடுத்தடுத்த மூன்று எண்களை எடு; ஓரத்தில் உள்ள இரண்டையும் பெருக்கு; நடு எண்ணின் வர்க்கத்தோடு ஒப்பிட்டுப் பார். 2 × 4 = 8, 3-ன் வர்க்கம் 9. 3 × 5 = 15, 4-ன் வர்க்கம் 16. 4 × 6 = 24, 5-ன் வர்க்கம் 25. எப்போதும் ஒன்று குறைகிறது. ஏன்? அப்படியானால் 3 என்பது √(1 + 2 × 4). அந்த 4 என்பது √(1 + 3 × 5). அந்த 5 என்பது √(1 + 4 × 6). ராமானுஜனின் மாளிகை கண்முன்னே எழுந்துவிட்டது. (முடிவின்றிப் போகும் தொடரை இப்படி நிறுத்தாமல் விரித்துக்கொண்டே போவது முறைதானா என்று ஒரு பிள்ளை கேட்டால், அந்தப் பிள்ளையைக் கணித ஆய்வுக்கு அனுப்பிவைக்கலாம்.)

நல்ல வினாக்களைப் பாடநூலில் அச்சடித்துவிட்டால் போதும் என்று நம்புகிறவர்கள் உண்டு. 1999-ல் ஏழு நாடுகளின் எட்டாம் வகுப்புக் கணிதப் பாடங்களைக் காணொளியில் பதிவுசெய்து ஆராய்ந்தது டிம்ஸ் காணொளி ஆய்வு. கருத்துகளை இணைத்துச் சிந்திக்கக் கோரும் கணக்குகள் அமெரிக்க வகுப்புகளிலும் கொடுக்கப்பட்டன. ஆறில் ஒரு பங்குக்கு அவை குறைவில்லை. ஆனால் வகுப்பு நடந்து முடிகையில் அவற்றில் அனேகமாக எதுவுமே அப்படி எஞ்சவில்லை. பிள்ளைகள் தயங்கியதும் ஆசிரியர்கள் இரக்கப்பட்டு வழிமுறையைச் சொல்லிக் கொடுத்துவிட்டார்கள். சிந்திக்கவேண்டிய கணக்கு செய்துமுடிக்கவேண்டிய கணக்காகச் சுருங்கியது. ஜப்பானிய வகுப்புகளில் (அவை 1995-ல் பதிவானவை) அத்தகைய கணக்குகளில் ஏறத்தாழப் பாதி, கடைசிவரை சிந்தனைக் கணக்குகளாகவே நின்றன. அங்கே பாடம் ஒரு திறப்பு வினாவோடு தொடங்குகிறது; அதை ஹாட்சுமோன் என்கிறார்கள். அந்த வினாவுக்குப் பிள்ளைகள் என்னென்ன சொல்லக்கூடும், தவறான விடைகள் உட்பட, என்று ஆசிரியர் முன்கூட்டியே எழுதிவைத்துக்கொள்கிறார். பிள்ளைகள் வேலை செய்யும்போது மேசைகளுக்கிடையே நடந்து யார் எப்படி யோசிக்கிறார் என்று குறித்துக்கொள்கிறார். பிறகு அந்த யோசனைகளைக் கரும்பலகையில் அருகருகே எழுதவைத்து வகுப்பே அவற்றைப் பிசைகிறது. அந்தக் கட்டத்தின் பெயர் நெரியாகே. பிசைதல் என்ற பொருளிலிருந்து வந்த சொல். சப்பாத்தி மாவு பிசையும் எவருக்கும் தெரியும், அவசரப்பட்டால் மாவு இளகாது.

நமக்கு அறிக்கைகளுக்குப் பஞ்சமில்லை. 2005-ம் ஆண்டின் தேசியக் கலைத்திட்டக் கட்டமைப்புக்காகக் கணிதம் பற்றி எழுதிய குழுவுக்குத் தலைமை வகித்தவர் சென்னைக் கணித அறிவியல் நிறுவனத்தைச் சேர்ந்த ஆர். ராமானுஜம். குழந்தையின் சிந்தனையைக் கணிதமயமாக்குவதே பள்ளிக் கணிதத்தின் முதன்மை நோக்கம் என்று அந்தக் குழு தெளிவாக எழுதியது. தமிழ்நாட்டில் 2018 முதல் வந்த புதிய பாடநூல்களில் சிந்தனைக்கென்றே தனிப் பெட்டிகள் இருக்கின்றன. சில வினாக்கள் மிக நன்றாகவும் இருக்கின்றன. ஆனால் அந்தப் பெட்டிக்கும் விடை அச்சிட்டு நோட்ஸ் வந்துவிடுகிறது. சிந்தனைக்கு விடைக்குறிப்பு! பிள்ளைகள் அதையும் படித்து வைத்துக்கொள்கிறார்கள், தேர்வில் கேட்டால் ஆகுமே என்று.

இங்கே வழக்கமான மறுப்புகள் எழும். அடிப்படையே தெரியாத பிள்ளையிடம் ஏன் என்று கேட்டு என்ன பயன், முதலில் பயிற்சி, பிறகல்லவா சிந்தனை என்பது முதலாவது. இதைச் சொல்பவர்கள் நல்லெண்ணம் உள்ளவர்கள்தான், பயிற்சி வேண்டாம் என்று நானும் சொல்லவில்லை. ஆனால் சிந்தனை வேறு பயிற்சி வேறு என்று யார் சொன்னது? மேலே கண்ட அதே செவ்வகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நீளம் 8, அகலம் 3, பரப்பளவு காண்க என்றால் பிள்ளை ஒரு பெருக்கல் செய்யும், முடிந்தது. திருப்பிக் கேளுங்கள்: பரப்பளவு 24 வரவேண்டும், என்னென்ன செவ்வகங்கள் வரையலாம்? 1-க்கு 24, 2-க்கு 12, 3-க்கு 8, 4-க்கு 6. சுற்றுக்கு வேலி போடவேண்டுமானால் எதற்குக் குறைந்த கம்பி போதும்? சுற்றளவுகள் 50, 28, 22, 20. இதைவிடவும் குறைக்க முடியுமா? முழு எண்தான் வேண்டுமென்று யாரும் சொல்லவில்லையே என்று ஒரு பிள்ளை கண்டுபிடிக்கும், 5-க்கு 4.8 போட்டுப் பார்த்தால் 19.6. இன்னும்? சதுரத்தை நோக்கி வகுப்பு நகரத் தொடங்கும். அப்படியானால் அதிகபட்சச் சுற்றளவு எவ்வளவு? எல்லையே இல்லை, அதே 24 சதுர அலகைச் சுற்ற ஊர் நீளத்துக்குக் கம்பி தேவைப்படும்படி வரையலாம் என்று தெரியவரும்போது எழும் கூச்சல் வேறு வகையானது. இந்த ஒரு வினாவுக்குள் பிள்ளை செய்த பெருக்கல், வகுத்தல், கூட்டல், தசமம் எத்தனை என்று எண்ணிப் பாருங்கள். பயிற்சி நூலின் இரண்டு பக்கம் தேறும்.

போர்ஷன் முடியாது, நாற்பது பிள்ளைகள், நாற்பத்தைந்து நிமிடம் என்பது அடுத்த மறுப்பு. இதில் உண்மை உண்டு. எல்லாக் கணக்கையும் இப்படி நடத்தவேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. ஒரு நாளைக்கு ஒரு வினா போதும்.

வெளியே சொல்லாத மூன்றாவது மறுப்புதான் வலுவானது. அறியாவினா கேட்கிற ஆசிரியர் தம் நாற்காலியிலிருந்து சற்று இறங்கவேண்டியிருக்கிறது. எதிர்பாராத பதில் வரலாம். அது சரியா தவறா என்று அவருக்கே உடனே தெரியாமல் போகலாம். நம் மரபில் ஆசிரியர் அறியாதவர் என்பது இழுக்கு. ஆனால் மாணவனின் கடமைகளுள் வினவுவதையும், பிறர் வினவியவற்றுக்கு விடை கூறுவதையும் சேர்த்துச் சொன்னதும் இதே நன்னூல்தான். அந்தப் பகுதியை வசதியாக மறந்துவிட்டோம்.

இறங்கியவர்களுக்குக் கிடைப்பது சிறிதல்ல. இரண்டு ஒற்றைப்படை எண்களைக் கூட்டினால் இரட்டைப்படைதான் வரும், ஏன்? இயற்கணிதம் தெரியாத மூன்றாம் வகுப்புப் பிள்ளையால் இதற்கு முழுமையான நிரூபணம் தர முடியும். புளியங்கொட்டைகளைக் கையில் மூடி 'ஒற்றையா இரட்டையா' ஆடிய பிள்ளைக்கு, ஒற்றைப்படை என்றால் ஜோடி சேர்த்தபின் ஒன்று தனியாக நிற்கும் என்று தெரியும். இரண்டு குவியலிலும் தனியாக நிற்கும் அந்த இரண்டும் சேர்ந்து ஒரு ஜோடியாகிவிடும். அவ்வளவுதான். எந்த எண்ணுக்கும் பொருந்தும், உதாரணங்களை அடுக்கத் தேவையில்லை. நிரூபணம் நம் மொழியின் சொல்லுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது, கேட்பவர்தான் இல்லை.

எல்லாம் கடைசியில் தேர்வில் வந்து நிற்கிறது. பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் எந்த இயலிலிருந்து எத்தனை வினா என்று சொல்லும் ப்ளூபிரிண்ட் ஒரு காலத்தில் ஜாதகம்போலப் பள்ளிகளில் பூஜிக்கப்பட்டது. அது கைவிடப்பட்ட பிறகும் மனநிலை மாறவில்லை. செய்முறை வடிவியலுக்கு 8, வரைபடத்துக்கு 8. மெல்லக் கற்போர் இந்த இரண்டையும் கையில் வைத்துக்கொண்டால் கரையேறிவிடலாம் என்று கையேடுகள் போடப்படுகின்றன. கரையேற்றுவதில் தவறில்லை, ஒரு பிள்ளையின் படிப்பு அதில் தொங்குகிறது. ஆனால் மெல்லக் கற்பவர் என்று முத்திரை குத்தப்பட்டவரிடம்தான் நாம் எதையும் கேட்பதே இல்லை. முதல் தலைமுறையாகப் பள்ளிக்கு வந்த பிள்ளைக்கு வீட்டில் கேட்க ஆளில்லை; பள்ளியிலும் யாரும் கேட்காவிட்டால், தன்னிடம் ஒரு யோசனை இருப்பதே அதற்குத் தெரியாமல் போய்விடும். வசதியுள்ள பிள்ளை காசு கொடுத்து அபாகஸ் வகுப்புக்குப் போய் வேகம் கற்றுக்கொள்கிறது. இரண்டுமே சிந்திக்கப்போவதில்லை என்பது வேறு விஷயம்.

வெளியார் வந்து வேறு மாதிரி கேட்டபோது என்ன நடந்தது என்பதும் தெரிந்ததே. பிசா தேர்வில் தமிழ்நாடும் இமாச்சலப் பிரதேசமும் கலந்துகொண்டு, 2011 இறுதியில் முடிவுகள் வந்தபோது, 74 பங்கேற்பாளர்களில் தமிழ்நாட்டுக்கு 72-ம் இடம், இமாச்சலத்துக்கு 73. வினாக்கள் நம் சூழலுக்குப் பொருந்தாதவை என்றார்கள். 2012, 2015, 2018, 2022 சுற்றுகளில் இந்தியா பங்கேற்கவே இல்லை. வினா பிடிக்காவிட்டால் தேர்வறையை விட்டு எழுந்து போய்விடலாம் என்ற சலுகை நம் பிள்ளைகளுக்கு மட்டும் கிடையாது.

ஆகவே பெரிய சீர்திருத்தம் எதையும் கேட்கவில்லை. பத்தாம் வகுப்புக் கணித வினாத்தாளில் ஆண்டுக்கு ஒரே ஒரு 5 மதிப்பெண் வினா இப்படி இருக்கட்டும்: ஒரு மாணவன் தவறாகச் செய்த கணக்கு முழுமையாகத் தரப்படும். அவன் எங்கே தவறினான், எப்படி நினைத்ததால் அப்படிச் செய்திருப்பான், அவனே தன் தவறைக் கண்டுகொள்ள அவனிடம் என்ன கேட்பாய்? நோட்ஸ் போட முடியாது, ஏனெனில் தவறுகளுக்குப் பட்டியல் கிடையாது. திருத்தும் முகாமில் விடைக்குறிப்போடு ஒத்துப்போகாத பதில்களை ஆசிரியர்கள் நின்று படித்துப் பார்க்கவேண்டியிருக்கும். பிள்ளைகள் எப்படி நினைக்கிறார்கள் என்று மாநிலத்தின் கணித ஆசிரியர்கள் ஒரே நேரத்தில் தெரிந்துகொள்ள அதைவிட நல்ல பயிற்சி முகாம் அமையாது. முதல் ஆண்டு, பாடத்திட்டத்துக்கு வெளியே கேட்டுவிட்டார்கள் என்று நாளிதழ்களில் செய்தி வரும், கருணை மதிப்பெண் கோரி மனுக்கள் போகும். கொடுத்துவிடலாம். இரண்டாம் ஆண்டும் அதே வகை வினா வரவேண்டும். மூன்றாம் ஆண்டும்.